இரண்டாவது படத்தின் மிச்சப் பாதி

பிள்ளை,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் இரண்டு கேள்வி கேட்டாய். இரண்டுக்கும் நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "எஞ்சின் ஒண்டு ஓடிக்கொண்டு நிக்குது, பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எஞ்சின் தொடுவதில்லை என்பது உனக்குத் தெரியாதா என்ன? நீ பிறகு எடுக்காமல் விட்டதிலிருந்தே உனக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். திரும்ப எடுத்துக் கதைக்கலாம்தான். ஆனால் உன் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லுவா, போட்டால் நான் சொல்ல வந்ததைவிட அவ சொல்லுவதுதான் உனக்குக் கேட்கும். இப்போது அவ உன் மாமியோடு குசினியில் உன் கலியாணப் பலகாரத்துக்கு மா வறுத்துக்கொண்டு இருக்கிறா. வீடு முழுக்க மா மணக்கிறது. இந்த இடைவெளியில் எழுதிவிடுகிறேன். வவுனியாவில் உன் அறையில், கதவைச் சாத்திவிட்டு ஆறுதலாக வாசி.

முதல் கேள்வி நீ கட்டப்போகிற யூட்டைப் பற்றியது. "சித்தப்பா, யூட் நிழல்காரன் படம் ஒண்டும் பாக்கேல்லை. ஒரு படமும்! உப்பிடி ஒரு ஆள் இருக்கிறாரோ? எங்க இருந்து தொடங்குறது? கதை நடந்த வரிசையிலயோ, படம் வெளிவந்த வரிசையிலயோ?" என்று கேட்டாய். நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற மனிசன், நல்ல பிள்ளை, எங்கள் வீட்டுக்கு வந்த அன்று உன் அம்மா ஊற்றிக் கொடுத்த கூழை மூன்றாம் தரமும் மறுக்காமல் வாங்கிக் குடித்தவன். அவனுக்கு நிழல்காரனைத் தெரியாது, சுவர்க்காரியைத் தெரியாது என்றால் உனக்குக் கவலை வரும்தான். இத்தனை வருசமாக ஓடுகிற கதை, இவ்வளவு படம், இடையில் இத்தனை தொடர் நாடகம். நீ அரைவாசி கதைக்கிறதே அதைப் பற்றித்தான். இரண்டாவது கேள்வியைப் பிறகு எழுதுகிறேன். அது கொஞ்சம் பாரமான கேள்வி.

வரிசை விசயத்தில் என்னிடம் கேட்டாயே, அதுவே எனக்குப் பெருமை. இந்தப் படங்களை எனக்குப் படிப்பித்தவள் நீ. உன் அம்மாவைக் கட்டி நான் உன் வீட்டுக்கு வந்தபோது உனக்குப் பத்து வயது. உன் அப்பா தவறிப் போய் இரண்டு வருசம். நான் வேலணையிலிருந்து ஒரு சூட்கேசும் எஞ்சின் திருத்துகிற என் சாவிப் பெட்டியும் கொண்டு நாரந்தனைக்கு வந்தேன். எனக்குப் போட் எஞ்சினோடு பழகத் தெரியும், பத்து வயதுப் பிள்ளையோடு பழகத் தெரியாது. உன்னை முதல் மாதம் முழுக்க "நீர்" என்றுதான் கூப்பிட்டேன். "நீர் சாப்பிட்டனீரோ?" என்று கேட்டால் நீ தலையை ஆட்டுவாய். ஓம் என்கிற ஆட்டலா, இல்லை என்கிற ஆட்டலா என்று கண்டுபிடிக்க ஏலாது. அந்த வீட்டில் நீ சத்தம் போட்டுச் சிரித்தது ரீவிக்கு முன்னால் மட்டும்தான். அதனால் நானும் ரீவிக்கு முன்னால் வந்து, உனக்குத் தூரமாக, வாசலோரக் கதிரையில் இருந்தேன். ஆறாவதோ ஏழாவதோ படத்தின் நடுவில் வந்து இருந்தவனுக்கு என்ன விளங்கும்? யார் நல்லவன், யார் கெட்டவன், யாருடைய நிழல் ஏன் ஆளை விட்டுத் தனியாக எழும்பி ஓடுகிறது, ஒன்றும் தெரியாது. மெலிந்து நீண்டு வெளிறிப் போயிருந்த வில்லனைப் பார்த்துவிட்டு, "உந்த அவிச்ச பனங்கிழங்கு ஆர்?" என்று கேட்டேன். நீ சிரிக்காமல் இருக்கப் பார்த்தாய், முடியவில்லை. பிறகு கோபத்தோடு, "அவருக்கு ஒரு பேர் இருக்கு" என்றாய். அதுதான் நீயாக என்னோடு கதைத்த முதல் கதை. பனங்கிழங்குக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டவன்.

அதற்குப் பிறகு நான் செய்த மடத்தனம் உனக்கு நினைவிருக்கும். படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் நான் எழும்பிப் போய் ரீவியை நிப்பாட்டிவிடுவேன். என் இளவட்ட வயதில் இந்தப் பக்கம் கரண்ட் கிடையாது. ஒரு கலியாணம், ஒரு பெருநாள் வந்தால் ஜெனரேற்றரும் ரீவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து வந்து ஊரே இருந்து படம் பார்க்கும். மண்ணெண்ணெய்க்கு இருந்த தட்டுப்பாட்டில், கதை முடிந்த அந்த நிமிசமே ஜெனரேற்றரை நிப்பாட்டவேண்டும். அந்த வேலையை என்னிடம்தான் தருவார்கள். பெயர் ஓடத் தொடங்கினால் என் கை தானாகவே சுவிச்சுக்குப் போகும். கரண்ட் வந்து எத்தனையோ வருசத்துக்குப் பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. உன்னுடைய படங்களிலோ பெயர்கள் ஓடி முடிந்த பிறகுதான் ஒரு குட்டிக் காட்சி வரும், அதில்தான் அடுத்த படத்தின் முடிச்சே இருக்கும். நான் இருந்த நாட்களில் எல்லாம் நீ அதைப் பார்க்காமல் பொறுத்துக்கொண்டிருந்தாய். ஒருநாள் பொறுமை போய்விட்டது. "ஐயோ, நிப்பாட்டாதேங்கோ! இன்னும் முடியேல்லை!" என்று கத்தினாய். "பேர் போகுது, முடிஞ்சுதுதானே?" என்றேன். "பேர் போனாப் பிறகுதான் வரும்! நீங்கள் முதல்ல இருந்து பாக்கோணும். நடுவில வந்து இருந்துகொண்டு கேள்வி கேட்டா எனக்கு விளங்கப்படுத்த ஏலாது" என்றாய். குசினி வாசலில் அகப்பையோடு நின்று உன் அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதுக்குள் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் நீ முதலாவது படத்தைப் போட்டாய். அதற்கடுத்த ஞாயிறு மூன்றாவது. "ரெண்டாவது எங்க?" என்று கேட்டேன். "அது இப்ப வேண்டாம். நான் சொல்லேக்க பாப்பம்" என்றாய். டிவிடி கீறுப்பட்டுப் போயிருக்கும் என்று நினைத்து, "நான் ரவுணுக்குப் போகேக்க புதுசு வாங்கிக்கொண்டு வரட்டோ?" என்று கேட்டேன். உன் முகம் சுருங்கிவிட்டது. அதற்கு மேல் கேட்கவில்லை. அன்று பின்னேரம் கிணற்றடியில் வைத்து உன் அம்மாதான் சொன்னா. அந்தப் படத்தை நீயும் உன் அப்பாவும் பாதி பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்குக் காய்ச்சல் கூடியதாம். யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரிக்கு என்று பஸ்ஸுக்கு இறங்கும்போது, "நிப்பாட்டி வை பிள்ளை, மிச்சத்தை நான் வந்தாப் பிறகு பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவ்வளவுதான். அவர் வரவில்லை. நீயும் மிச்சத்தைப் பார்க்கவில்லை.

எஞ்சினுக்குச் சாமான் வாங்க யாழ்ப்பாண ரவுணுக்குப் போகிறபோதெல்லாம் டிவிடிக் கடையில் அந்தப் படம் என் கண்ணில் படும். மூன்றாவதிலும் நாலாவதிலும் விளங்காமல் போன எத்தனையோ விசயம் அதற்குள் இருந்தது. சுவர்க்காரி ஏன் நிழல்காரனோடு முகம் கொடுத்துக் கதைக்கிறாள் இல்லை, பாலம் எப்படி உடைந்தது, ஒன்றும் தெரியாது. கடைக்காரப் பொடியன், "இதைப் பாக்காமல் மற்றதெல்லாம் பாத்து என்ன அண்ணை பிரயோசனம்?" என்றுகூடக் கேட்டான். நான் அதைத் தொடவில்லை. நீ சொல்லும்போது பார்ப்போம் என்று சொல்லியிருந்தாய். ஒரு பிள்ளை எனக்குச் சொன்ன முதல் வாக்கு அது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த ஓட்டையோடேயே மற்ற எல்லாவற்றையும் பார்த்தேன், தொடர் நாடகங்களையும் சேர்த்து. என்ன, அந்த எட்டுப் பகுதித் தொடரில் மட்டும் நான் இரண்டு இடத்தில் நித்திரை. நீ என் காலைச் சுரண்டி எழுப்பினாய்.

சரி, யூட்டுக்கு வருகிறேன். இணையத்தில் நடந்த வரிசை என்று ஒன்று போட்டிருக்கிறார்கள் என்றாய். அதன்படி பார்த்தால் நிழல்காரனின் பேரனுடைய காலத்தில் முடிகிற கதை, நிழல்காரனுடைய பாட்டன் கப்பலில் வந்து இறங்குகிற படத்தில் தொடங்கவேண்டும். கணக்குப் படிப்பிக்கிறவனுக்கு அது பிடிக்கும், ஒன்று, இரண்டு, மூன்று என்று நேராகப் போகும். எனக்கு அது சரியாகப் படவில்லை. உன் அம்மாவை நான் முதலில் கண்டது எப்படித் தெரியுமா? உன் அப்பாவின் போட் எஞ்சினை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, என் கடை வாசலில் இறக்கி, "இதை என்ன விலைக்கு எடுப்பியள்?" என்று கேட்ட மனுசியாகத்தான். "விக்காதேங்கோ அக்கா, திருத்தித் தாறன், வாடகைக்கு விடுங்கோ" என்றேன். அந்த வாடகை எஞ்சின் பழுதாகிப் பழுதாகி என் கடைக்கு வந்ததில்தான் பழக்கம் வந்தது. அவவின் சிரிப்பு, கோபம், விலை பேசுகிற கெட்டித்தனம் எல்லாம் எனக்கு முதலில் தெரிந்தது. அவ எங்கே பிறந்தா, யாரைக் கட்டினா, என்னத்துக்கு அழுதா என்பதெல்லாம் பிறகு ஒவ்வொன்றாக, தானாக வந்தது. முதல் நாளே யாரும் என்னை இருத்தி வைத்து அவவின் கதையைப் பிறப்பிலிருந்து சொல்லியிருந்தால், ஐயோ பாவம் என்று ஒரு பெருமூச்சு விட்டிருப்பேன், எஞ்சினைத் திருத்திக் கொடுத்திருப்பேன், அதோடு முடிந்திருக்கும்.

ஆகவே வெளிவந்த வரிசைதான். எந்தப் படத்தில் அந்த ஆட்களைக் கண்டு உனக்குப் பிடித்துப்போனதோ அதிலிருந்தே அவனும் காணட்டும். பாட்டனின் படம் அதன் இடத்தில் ஐந்தாவதாக வரட்டும். அப்போதுதான், ஓ, இதுக்குத்தான் நிழல்காரன் கையிலிருக்கிற மோதிரத்தைக் கழட்டுவதில்லையா என்று யூட் நிமிர்ந்து உட்காருவான். எட்டுப் பகுதித் தொடரைத் தாராளமாக விடு, கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லு. சுவர்க்காரியின் தொடரை விடாதே. அதை உன் அம்மாவே குசினி வாசலில் நின்றபடி முழுக்கப் பார்த்தவ, இடையிடையே "உவன் போன கிழமை செத்தவன் எல்லே? இண்டைக்கு எப்பிடி வந்தவன்?" என்று கேட்டுக்கொண்டு. யூட்டும் அப்படி மடத்தனமான கேள்விகள் கேட்பான். கேட்கட்டும். நான் கேட்டபோது நீ என்னை ஒருநாளும் எழுப்பி அனுப்பவில்லை. பத்து வயதில் உனக்கு இருந்த அந்தப் பொறுமை இப்போது கொஞ்சம் குறைந்துவிட்டது, எனக்குத் தெரியும். அதைத் திரும்ப எடு. சிரிப்பான இடம் வரும்போது அவன் சிரிக்கிறானா என்று அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இராதே, அது மனிசனுக்குப் பெரிய உபத்திரவம். நெடுந்தீவில் கடல் பெருத்தால் லோஞ்ச் படகு ஓடாது, இரண்டு பேரும் வீட்டோடுதான். அவசரப்பட்டு ஒரு மாதத்தில் பார்த்து முடிக்காமல், அந்த நாட்களுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் வெளிவருகிற படத்தை மட்டும் ஒருவரை விட்டு ஒருவர் பார்க்கவேண்டாம். அதில் இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. அப்படி ஒன்று எப்போதும் வீட்டில் இருப்பது நல்லது.

இரண்டாவது படத்தை என்ன செய்வது என்று நீ கேட்கவில்லை. நான் சொல்கிறேன், அதை அதன் இடத்திலேயே போடு. எனக்கு நீ அதைக் காட்டிய நாளைப் பற்றி நாம் இரண்டு பேரும் ஒருநாளும் கதைத்ததில்லை. இப்போது கதைக்கிறேன். உனக்குப் பல்கலைக்கழகம் கிடைத்த வருசம், மழைக்கால ஞாயிறு ஒன்று. நீ அலுமாரியைத் திறந்து, உடுப்புகளுக்கு அடியிலிருந்து அந்தப் பழைய டிவிடியை எடுத்துக்கொண்டு வந்து, "சித்தப்பா, இண்டைக்கு ரெண்டாவது பாப்பம்" என்றாய். டிவிடி எல்லாம் இல்லாமல் போன காலம், அந்தப் பிளேயரை நான்தான் தூசி தட்டிப் பூட்டினேன். எத்தனையோ எஞ்சினைக் கடலுக்கு அனுப்பியிருக்கிறேன், நடுவில் நின்றுவிடக்கூடாதே என்று அந்தப் பிளேயருக்காக மன்றாடியதுபோல ஒன்றுக்கும் மன்றாடியதில்லை. எந்தப் படம் என்று கண்டதும் உன் அம்மா அடுப்பை நூர்த்துவிட்டு வந்தா. வழக்கமாக வாசலில் நிற்கிறவ அன்று உள்ளே வந்து கதிரையில் இருந்தா. பாதியில், பாலத்துக்கு மேல் நிழல்காரன் தனியாக நிற்கிற இடத்தில், நீ நிப்பாட்டினாய். திரும்பி என்னைப் பார்த்து, "இதுக்கு மேல எனக்கும் தெரியாது" என்றாய்.

நான் என் கதிரையை உனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். பிறகு நீயே பட்டனை அழுத்தி ஓடவிட்டாய். அத்தனை வருசமாக நீ ஆசிரியை, நான் மாணவன். அந்தப் பாதியில் மட்டும் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூட வாங்கில் இருந்தோம். உண்மையைச் சொன்னால், அந்தப் பாதி ஒரு சதத்துக்கும் உதவாது! ஒரே அடிபாடு, ஒரே புகை, கடைசியில் எல்லாரும் ஆளை ஆள் கட்டிப்பிடிக்கிறார்கள். முடிந்ததும் நீ, "இவ்வளவுதானோ? இதுக்கோ நான் இவ்வளவு காலம் காத்துக்கொண்டு இருந்தனான்?" என்று சிரித்தாய். சிரித்துக்கொண்டே அழத் தொடங்கினாய். "அப்பாவுக்கு இது பிடிச்சிருக்காது சித்தப்பா. துப்பரவாப் பிடிச்சிருக்காது" என்றாய். உன் அம்மா எழும்பி வந்து உன் தலையைத் தன் மடியில் எடுத்தா. பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. என் கை சுவிச்சுக்குப் போகவில்லை. அன்றைக்குத்தான் நீ உன் அப்பாவைப் பற்றி எனக்குச் சொன்னாய். கரண்ட் போன நேரம் டோர்ச் லைற்றைச் சுவரில் அடித்து, தன் நிழலை நிழல்காரன் ஆக்கி உன்னைத் துரத்துவாராம். நீ கட்டிலுக்கு அடியில் போய் ஒளிப்பாயாம். நான் காணாத அந்த மனிதரை நீ எனக்குக் கொண்டுவந்து காட்டினாய். அதற்கு நான் உனக்கு இன்றைக்கு நன்றி சொல்கிறேன் பிள்ளை. அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும், எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விட்டேன். யூட்டோடு பார்க்கும்போதும் அந்தப் பாலத்தில் நிப்பாட்டு. நிப்பாட்டி, உன் அப்பாவைப் பற்றிச் சொல்லு. பிறகு மிச்சத்தைப் போடு. அந்த உதவாத பாதியை நீ இனி அவனோடு பார்க்கவேண்டும்.

இப்போது உன் இரண்டாவது கேள்வி. "கலியாணத்தண்டு கோயிலுக்குள்ள நீங்கள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போகோணும்" என்றாய். அதைக் கேள்வி என்றுகூடச் சொல்ல ஏலாது, கட்டளை. நான் "மாமாதானே முறை, மாமாவைக் கேள்" என்று சொல்லிவிட்டு, இல்லாத எஞ்சின் ஒன்றை ஓடவிட்டேன். எனக்குப் பயம், வேறொன்றும் இல்லை. முன்வாங்கில் உன் அப்பாவின் சகோதரங்கள் இருப்பார்கள். தேவாலய வாசலிலிருந்து பீடம் வரைக்கும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவது பெற்ற தகப்பன் நடக்கவேண்டிய நடை. அவர் இருந்திருந்தால் நடந்திருப்பார். அந்த இடத்தில் போய் நின்றால் அவருடையதை எடுத்துக்கொண்டது போல ஆகாதா என்று எனக்குள் ஒரு கலக்கம். உன்னை நான் என் பிள்ளையாகத்தான் நினைக்கிறேன், அதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. நீ என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவதும் எனக்குக் குறையாகப் பட்டதில்லை. அப்பா என்கிற சொல் அவருடையது, அது அவரிடமே இருக்கட்டும் என்றுதான் இன்றைக்கும் விரும்புகிறேன்.

ஆனால் யூட்டுக்கு வரிசை யோசிக்கத் தொடங்கிய இந்த ஒரு கிழமையில் எனக்கு ஒன்று விளங்கியது. இரண்டாவது படத்தை நான் தனியாகப் பார்க்கவில்லை, நீயும் தனியாகப் பார்க்கவில்லை. முதல் பாதி உன் அப்பாவுடையதாகவே இருந்தது, யாரும் அதில் கை வைக்கவில்லை. மிச்சத்துக்கு நீதான் என்னைக் கூப்பிட்டாய். கூப்பிட்ட பிறகு நான் வராமல் விட்டிருந்தால் அது அவருக்கும் நல்லதில்லை, உனக்கும் நல்லதில்லை. மாமாவிடம் நேற்று நானே போய்ச் சொல்லிவிட்டேன். "அப்ப நான் தைப்பிச்ச கோட்?" என்று கேட்டார். சாட்சிக் கையெழுத்து வைக்கும்போது போடச் சொன்னேன், சமாதானமாகிவிட்டார். உன் அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் மா கருகிவிடும்.

அன்றைக்கு நீ வாசலிலிருந்து உன் அப்பாவோடு நடந்து வா, பிள்ளை. பார்க்கிற சனத்துக்கு நீ தனியாக வருவதுபோலத் தெரியும், தெரியட்டும், நீ ஆறுதலாக நட. நான் கோயிலுக்கு நடுவில், அந்தத் தூணுக்குப் பக்கத்து வாங்கோரத்தில் நிற்பேன். கிட்ட வந்ததும் நில்லு. நின்று கையைத் தா. மிச்சத்துக்கு நான் வாறன்.

உன் சித்தப்பா